சந்தனத்தைத் துடைக்கச் சொல்லாத சனிக்கிழமை

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் நீங்கள் எல்லோரும் என்னிடம் முதலில் கேட்பது கொரோனாவைப் பற்றித்தான். இவ்வளவு பெரிய பொழுதுபோக்குப் பூங்காவை எப்படி சார் மூடினீர்கள், மாதக்கணக்கில் எப்படிப் பூட்டி வைத்தீர்கள் என்று கண்ணை அகல விரித்துக்கொண்டு கேட்கிறீர்கள். ஏமாற்றமாக இருந்தால் மன்னியுங்கள், அதில் என் வீரம் ஒன்றுமே இல்லை. கலெக்டர் ஆபீஸிலிருந்து ஒரு தாள் வந்தது. கேட்டில் ஒட்டினோம். பூட்டைப் போட்டுவிட்டுச் சாவியை டிராயரில் வைத்தேன். மேலே இருந்து சொல்லி மூடுவதற்குத் தைரியம் வேண்டாம், பூட்டு இருந்தால் போதும்.

யாருமே மூடச் சொல்லாத நாள் ஒன்று உங்கள் வேலையில் வரும். தாள் வராது. ஆபீஸர் வரமாட்டார். வெளியே வண்டிகள் வரிசையாக நிற்கும், உள்ளே பாட்டு ஓடும், உங்களுக்கு மட்டும் ஏதோ சரியில்லை என்று தெரியும். அந்த நாளில் நான் செய்ததை உங்களிடம் சொல்லப்போகிறேன். முதலில் தப்பாகச் செய்தேன். அதற்கப்புறம் அதை மறைத்தேன். கடைசியில்தான் சரியாகச் செய்தேன். இந்த வரிசை மாறாமல் சொல்வது முக்கியம், ஏனென்றால் ஓய்வு பெற்றவர்கள் எல்லோரும் கடைசிப் பகுதியை மட்டும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

கொரோனா எல்லாம் முடிந்து கூட்டம் பழையபடி வர ஆரம்பித்த பிறகு வந்த ஒரு கோடைக்காலம் அது. நான் அப்போது ஆபரேஷன்ஸ் மேனேஜர். நம் பூங்கா இருக்கும் இடம் உங்களுக்குத் தெரியும். திருப்பதி மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு, காணிப்பாக்கத்தில் பிள்ளையாரையும் கும்பிட்டுவிட்டு ஊர் திரும்புகிறவர்கள் நம் கேட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். பின் சீட்டில் இருக்கும் பிள்ளைகள் நம் ராட்டினத்தைப் பார்த்துவிட்டால் அப்பாக்களால் அதற்கு மேல் வண்டியை ஓட்ட முடியாது. அதனால் நம்மிடம் வருகிற பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தலையில் முடி இருக்காது, மஞ்சளாகச் சந்தனம்தான் இருக்கும்.

அந்தச் சனிக்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். அலைக்குளத்தில் நிற்கும் லைஃப்கார்டு வாக்கி டாக்கியில் கூப்பிட்டான். "சார், ஒரு கொயந்த முதுகுல கொப்பளம் மாதிரி ரெண்டு மூணு இருக்குது. தண்ணில வுடலாமா வாணாமா?" என்றான். போனேன்.

நாலு வயதுப் பையன். தலையில் கெட்டியாகச் சந்தனம், அதுவும் காய்ந்து வெடித்திருந்தது. பக்கத்தில் அவனுடைய அக்கா, ஏழெட்டு வயது இருக்கும், அவளுக்கும் மொட்டை, சந்தனம். அம்மா பிச்சாட்டூர்க்காரர். நல்ல மனுஷி, கேட்டதற்கு ஒளிக்காமல் பதில் சொன்னார்.

"பெரியவளுக்குத்தான் சார் அம்மா போட்டிருந்தது. மூணு தண்ணி ஊத்தியாச்சு. எறங்கிட்டா மொட்டை போடறேன்னு வேண்டிக்கினேன், எறங்கிட்டா. அதான் ரெண்டு பேருக்கும் சேத்துப் போட்டுக்கினு வரோம்."

"சின்னவனுக்கு?"

"அவனுக்கு வேர்க்குரு சார். மலைமேல வெயில்ல கியூவுல நின்னது."

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துகிறேன். எங்கள் குடும்பம் சித்தூரில் மூன்று தலைமுறையாக மிஷன் சபையைச் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயில், வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் எல்லாம் உண்டு. ஆனாலும் எனக்கு அம்மை போட்டபோது சபைப் போதகர் ஐயர் வந்து ஜெபம் செய்துவிட்டுப் போனதும், எங்கள் அம்மா பின்வாசலில் வேப்பிலைத் தண்ணீரைத்தான் ஊற்றினாள். மூன்றாவது தண்ணீர் ஊற்றிவிட்டால் அம்மை போய்விட்டது என்பது எங்கள் பக்கத்தில் எந்த மதத்துக்காரனும் சந்தேகப்படாத விஷயம். ஆகவே "மூணு தண்ணி" என்று கேட்டதுமே என் மனது பாதி சமாதானமாகிவிட்டது. அது அக்காவுக்கு ஊற்றிய தண்ணீர், தம்பிக்கு அல்ல என்பதை என் மூளை கவனிக்கவில்லை.

மீதிப் பாதி மனதுக்கு ஒரே ஒரு காரியம் செய்திருந்தால் போதும். சின்னவன் தலையில் இருந்த சந்தனத்தை ஓரமாகத் துடைத்துப் பார்த்திருக்கலாம். அம்மைக் கொப்பளம் பல பிள்ளைகளுக்குத் தலையிலும் முதுகிலும்தான் முதலில் கிளம்பும். துடைத்திருந்தால் தெரிந்திருக்கும். எனக்கு வாய் வரவில்லை. என் சட்டையில் பெயர்ப் பட்டை குத்தியிருந்தது, அதில் டேனியல் என்று பெரிதாக எழுதியிருந்தது. மலைக்குப் போய் வேண்டுதல் முடித்துவிட்டு வந்த தாயிடம், டேனியல் என்கிற ஒருவன் சாமி சந்தனத்தைத் துடைக்கச் சொன்னால் சுற்றி நிற்கிற நாலு பேர் என்ன நினைப்பார்கள்? அன்றைக்கு என் பயம் இவ்வளவுதான். மரியாதை என்று அதற்குப் பேர் வைத்துக்கொண்டேன்.

பிறகு, என்னுடைய சாமர்த்தியத்தைக் காட்டினேன். தண்ணீரில் இறங்க வேண்டாம் என்று தன்மையாகச் சொன்னேன். பையன் உதட்டைப் பிதுக்கினான். அழ விடுவேனா? "ஸ்னோ ரூமுக்குக் கூட்டிக்கினு போங்கம்மா, நான் சொன்னேன்னு சொல்லுங்க, எவ்வளவு நேரம் வேணும்னாலும் ஒக்காரட்டும்" என்று நானே சீட்டில் எழுதிக் கொடுத்தேன். எழுதும்போது என் மனதுக்குள் ஓடியது என்ன தெரியுமா? ஒருவேளை அம்மையாகவே இருந்தாலும் குளிர்ச்சி நல்லதுதானே என்பதுதான். அம்மை சூட்டினால் வருவது, குளிர்ச்சியால் தணிவது, அதற்குத்தானே இளநீர், மோர், வேப்பிலை என்று என் ரத்தத்தில் ஊறியிருந்தது. குளத்தையும் காப்பாற்றினேன், குடும்பத்தையும் மனம் கோணாமல் அனுப்பினேன், பிள்ளைக்கும் நல்லது செய்தேன் என்று திருப்தியாக டீ குடித்தேன்.

நம் ஸ்னோ ரூம் எப்படிப்பட்டது? செயற்கைப் பனி கொட்டுகிற அறை, ஜன்னல் கிடையாது. கதவு திறந்தால் குளிர் போய்விடும் என்று இரட்டைக் கதவு. உள்ளே இருக்கிற காற்றுதான் சுற்றிச் சுற்றி வரும். ஒரு தடவைக்கு நாற்பது ஐம்பது பேர் நெருக்கியடித்து நிற்பார்கள். திறந்தவெளியில் இருக்கும் குளத்திலிருந்து அம்மைக்காரப் பிள்ளையை எடுத்து, பூங்காவிலேயே காற்றுப் புகாத ஒரே அறைக்குள் நான் கொண்டுபோய் வைத்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் அவன் அங்கே இருந்தான்.

அந்த அறைக்கு வெளியே கோட்டு கவுண்டர். அதில் தேவகி. நகரிப் பக்கத்துப் பெண், வீட்டில் விசைத்தறி, தறிச் சத்தத்தில் தலைவலி என்று இங்கே வேலைக்கு வந்தவள். பிள்ளைகளுக்குக் கோட்டு மாட்டி, ஜிப் இழுத்து, தலைக்கு மேல் குல்லாவைப் போட்டு விடுவது அவள் வேலை. அந்தப் பையனுக்கு உட்கார்ந்து கோட்டு மாட்டினாள், சந்தனம் கலையாமல் குல்லா போட்டாள், அவன் சிரிக்க வேண்டும் என்று முகத்தோடு முகம் வைத்து ஊதிக் காட்டினாள். இதெல்லாம் பிறகு எனக்குத் தெரிந்தது.

ஆறாம் நாள், வெள்ளிக்கிழமை, பிச்சாட்டூர் அம்மா போன் செய்தார். பனிச்சறுக்கில் எடுத்த போட்டோவை வாட்ஸப்பில் அனுப்ப முடியுமா என்று கேட்பதற்காக. போட்டோ கவுண்டரில் லைனை எனக்கு மாற்றிவிட்டார்கள்.

"சின்னவனுக்கும் அம்மா போட்டுட்டா சார்" என்றார். "வூட்டுக்கு வந்த மறுநாளே ஒடம்பெல்லாம். தலையில சந்தனத்தைக் கழுவுறேன், அப்பிடியே கொத்துக் கொத்தா இருக்குது. வேண்டுதல்ல ஏதாச்சும் கொறை வெச்சுட்டமோன்னு பயமா இருக்குது. ஆனா நீங்க அந்த ஜில்லுனு இருக்கிற ரூம்ல ஒக்கார வெச்சீங்க பாருங்க, அங்கதான் சார் அவன் சந்தோஷமா இருந்தான்."

எனக்கு நன்றி சொல்லிவிட்டு வைத்தார். அவமானமாக இருந்தது.

திருப்பதியில் இருக்கும் முதலாளிக்குச் சொன்னேன். அவருடைய பதில் எனக்கு முன்பே தெரியும், இருந்தாலும் கேட்டேன். "டேனியல் காரு, அம்மவாரு இந்த சீசன்ல ஊருக்கு ஊரு வருவா, போவா. சனி ஞாயிறு புக்கிங் ஃபுல்லு. அந்த ரூமை மருந்து போட்டுக் கழுவுங்க. எவருக்கும் செப்பொத்து" என்றார். யாரிடமும் சொல்லாதே என்கிறார். அவர் மேல் பழி போட்டுவிட்டு நான் நழுவப் போவதில்லை. அவர் அப்படிச் சொன்னபோது எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஸ்னோ ரூமில் "ரிப்பேர்" என்று பலகை மாட்டினேன். கோட்டுகளை எல்லாம் சூடான தண்ணீரில் அலசச் சொன்னேன். தேவகியும் இன்னும் இரண்டு பெண்களும் வெறுங்கையால் அலசினார்கள். என்ன சார் திடீரென்று என்று ஒருத்தி கேட்டபோது நாற்றம் அடிக்கிறது என்றேன். மக்களைக் கலவரப்படுத்தக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மைக் காரணம், சொன்னால் அந்தப் பையனை உள்ளே உட்கார வைத்தது யார் என்றும் சொல்ல வேண்டும். சனி போயிற்று, ஞாயிறும் போயிற்று.

திங்கட்கிழமை காலை குளத்துத் தண்ணீர் மாதிரி எடுக்க ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸம்மா வந்தார். ஸ்கூட்டியில் வந்து, பாட்டிலில் தண்ணீர் பிடித்து, சீட்டு ஒட்டிக்கொண்டு போகிறவர். என் மகள் வயதுதான் இருக்கும். தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவார், பேச்சில் கிண்டல் ஜாஸ்தி. அவரிடம் நான் நேராகச் சொல்லவில்லை. பொதுவாக ஒரு சந்தேகம் கேட்பது போல, "சிஸ்டர், அம்மை எப்போது ஒட்டும்?" என்றேன்.

அவர் பாட்டிலை மூடாமலே என்னைப் பார்த்தார். "ஏமண்டி, சும்மா கேக்கறீங்களா, யாருக்காச்சும் வந்திருக்கா?"

சொல்லிவிட்டேன். வேர்க்குரு, மூன்று தண்ணீர், ஸ்னோ ரூம், வெள்ளிக்கிழமை போன், எல்லாவற்றையும். குளிர்ச்சி நல்லது என்று நினைத்தேன் என்று சொன்னபோது அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அது காத்துல போற சீக்கு சார். கொப்பளம் கிளம்பறதுக்கு ரெண்டு நாளு முன்னாடியே ஒட்டும். அக்காவுக்கு வந்தா பதினஞ்சு இருபது நாள்ல தம்பிக்கு வரும், இது தெரியாதா? சரி, போனது போச்சு. ஸ்னோ ரூம்ல வேலை செய்யறவங்கள்ல கர்ப்பிணி யாராச்சும்?"

"இல்லை" என்றேன். எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஸ்டாஃப் ரிஜிஸ்டர் என் மேஜையில்தான் இருக்கிறது. ஏழாம் மாதம் என்று ஒரு பெண் லீவு எழுதிக் கொடுத்துப் போயிருந்தாள், அவள் டிக்கெட் கவுண்டர். வேறு யாரும் இல்லை.

"உங்க ரிஜிஸ்டர்ல வாந்தி எடுக்கறதுக்குத் தனியா கட்டம் போட்டிருக்கா?" என்று கேட்டார். நான் சிரிக்கப் பார்த்தேன், அவர் சிரிக்கவில்லை. "முன்னாடி அம்மை வராத கர்ப்பிணிக்கு இது ஆபத்து சார், தாய்க்கும், உள்ள இருக்கறதுக்கும். காப்பாத்தற ஊசி இருக்குது. ஆனா ஒட்டின நாள்ல இருந்து பத்து நாளுக்குள்ள போடணும். இன்னிக்கு எத்தனாவது நாளு?"

விரல் விட்டு எண்ணினேன். ஒன்பது.

"அப்போ எதுக்கு இன்னும் என்கூட நின்னு பேசிக்கினு இருக்கீங்க?"

ஸ்னோ ரூம் பக்கம் வேலை செய்த பெண்களை மட்டும் ரகசியமாக அழைத்துக் கேட்கிறேன் என்றேன். மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாமே என்று. இப்போதும் எனக்கு அந்த ஆசை போகவில்லை பாருங்கள். அவர் தலையை ஆட்டிவிட்டார். "கூப்பிட்டு நீ கர்ப்பமான்னு ஒரு ஆம்பளை கேட்டா எந்தப் பொண்ணு சொல்லுவா? அன்னிக்கு அந்த வழியா யாரு யாரு போனாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? யாருக்குச் சொல்லணும்னு நீங்க பொறுக்காதீங்க. எல்லாருக்கும் சொல்லுங்க. யாருக்கு வேணுமோ அவங்க எடுத்துக்குவாங்க."

முப்பது வருடத்தில் எனக்கு எத்தனையோ பயிற்சி கொடுத்தார்கள். பெங்களூரிலிருந்து கோட்டு சூட்டு போட்டு வந்தவர்கள் எல்லாம் பலகையில் வட்டம் போட்டுக் காட்டினார்கள். என் வேலைக்கு உண்மையாக உதவியது, கையில் குளத்துத் தண்ணீர் பாட்டிலோடு நின்ற அந்தப் பெண் சொன்ன இந்த வார்த்தைகள்தான். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாளிக்குப் போன் போட்டேன். மைக்கில் சொல்லப்போகிறேன் என்றேன். அவர் கத்த ஆரம்பித்தார். சீசன் நடுவில் பூங்கா பேரைக் கெடுக்கிறாயா, நாளையிலிருந்து நீ வரவேண்டாம் என்றார். "நாளைக்கு வரல சார். இன்னிக்குச் சொல்லிடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனை மேஜை டிராயருக்குள் வைத்தேன். அது உள்ளே அதிர்ந்துகொண்டே இருந்தது.

கன்ட்ரோல் ரூமுக்குப் போய் முதலில் பாட்டை நிறுத்தினேன். பூங்காவில் பாட்டு நின்றால் என்ன ஆகும் என்று இதுவரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். ராட்டினத்தை நிறுத்தச் சொன்னேன். வேலை செய்கிறவர்கள் அத்தனை பேரையும், சமையல்கட்டு, பம்ப் ரூம், செருப்பு ஸ்டாண்டு உட்பட, அலைக்குளத்துக்கு முன்னால் வரச் சொன்னேன். மைக்கோடு நானும் அங்கே போனேன். எழுதி வைத்துக்கொள்ளவில்லை. எழுதினால் நல்ல வார்த்தையாகத் தேடிப் போட்டுவிடுவேன் என்று எனக்கே தெரியும்.

தமிழில் சொன்னேன், பிறகு தெலுங்கில். ஒன்பது நாளைக்கு முன்னால், சனிக்கிழமை, அம்மை கிளம்புகிற ஒரு பிள்ளை இங்கே வந்தது. அது தாயின் தப்பு இல்லை. அந்தப் பிள்ளையை மூடின அறைக்குள் உட்கார வைத்தது நான். வெள்ளிக்கிழமையே எனக்குத் தெரியும், மூன்று நாள் மறைத்தேன். அன்றைக்கு ஸ்னோ ரூமிலோ கோட்டு கவுண்டரிலோ இருந்தவர்களில் யார் வயிற்றில் குழந்தை இருந்தாலும், இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். என்னிடம் சொல்ல வேண்டாம், நர்ஸம்மா கேன்டீன் பின்னால் இருக்கிறார், அவரிடம் சொன்னால் போதும், பேர் வெளியே வராது. அன்றைக்கு வந்த விருந்தினர்களுக்கு டிக்கெட்டில் கொடுத்த நம்பருக்கெல்லாம் இப்போதே போன் செய்கிறோம். பூங்கா இன்றைக்கு மூடப்படுகிறது.

குரல் நடுங்கியது. பரவாயில்லை, நடுங்கினாலும் கேட்கும்.

விருந்தினர் ஒருவர் ஈரத் துண்டோடு வந்து என்னைக் கண்டபடி திட்டினார், காசு கொடுத்து வந்தால் இப்படியா என்று. லைஃப்கார்டு பையன் தலையைக் குனிந்துகொண்டான், அவன் தப்பு என்று நினைத்துவிட்டான் போல. அவன் தோளில் கை வைத்து, நீ சரியாகத்தான்டா கூப்பிட்டாய் என்றேன். கோட்டு கவுண்டர் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தேவகி யாரையும் பார்க்கவில்லை. கையில் இருந்த கோட்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள்.

கால் மணி நேரம் கழித்து அவள் கேன்டீன் பின்னால் போகவில்லை, என்னிடமே வந்தாள்.

"சார், எனக்கு மூணாம் மாசம்."

பக்கத்தில் இருந்த நாற்காலியை அவளுக்கு இழுத்துப் போட்டேன்.

"யாருக்கும் தெரியாது சார். எங்க வூட்டுக்காரருக்கு மட்டும்தான். இதுக்கு முன்ன ரெண்டு தபா மூணாம் மாசத்துலயே போயிட்சு. எல்லாருக்கும் சொல்லிட்டு அப்பறம் இல்லன்னு சொல்றது கஷ்டம் சார். அதனால அஞ்சு மாசம் முடியற வரிக்கும் மாமியாருக்குக்கூட சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். அந்தக் கொயந்தைக்கு நான்தான் கோட்டு போட்டேன்." நிறுத்தினாள். "எனக்கு அம்மா போட்டதே இல்ல சார்."

அவள் மாமியாருக்கே தெரியாத விஷயம் என் ரிஜிஸ்டரில் எப்படி இருக்கும்? நான் மட்டும் அன்றைக்கு ரகசியமாக யார் யாரைக் கூப்பிடலாம் என்று பட்டியல் போட்டு, நீ கர்ப்பமா என்று கேட்டிருந்தால், தேவகி இல்லை என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பாள். அவளே பிறகு என்னிடம் அப்படித்தான் சொன்னாள்.

பூங்கா ஜீப்பிலேயே திருப்பதிக்குப் போனோம். நர்ஸம்மா ஸ்கூட்டியை நம் கேட்டில் போட்டுவிட்டுக் கூடவே வந்தார். தேவகியின் புருஷன் தறியை நிறுத்திவிட்டு நகரியிலிருந்து பஸ் பிடித்து வந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். அம்மையைத் தாங்குகிற சக்தி அவள் ரத்தத்தில் இல்லை என்று தெரிய சாயங்காலம் ஆயிற்று. ஊசி அங்கே இருப்பில் இல்லை. வேலூரில் இருக்கிறது, காலையில் வரும் என்றார்கள். டாக்டரம்மா தேதியைப் பார்த்துவிட்டு, "நாளைக்குப் பத்தாவது நாள். இவ்வளவு நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று தேவகியைத்தான் கேட்டார்.

நான் எழுந்து நின்று, "அவங்களுக்கு இன்னிக்குத்தான் தெரியும். மறைச்சது நான்" என்றேன். டாக்டரம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுத ஆரம்பித்தார்.

செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு ஊசி வந்தது, போட்டார்கள். வெளியே பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஏதோ பெரிய காரியம் செய்துவிட்ட மாதிரி இருந்தது, ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். அவள் அதைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்கலாம் இல்ல சார்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். மைக்கைப் பிடித்தது தைரியம் என்று நீங்கள் யாராவது சொன்னால், இந்த ஒரு வரியை உங்களுக்கு ஞாபகப்படுத்துவேன்.

அடுத்த இரண்டு வாரத்தில் லைஃப்கார்டுக்கு வந்தது, போட்டோ கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு வந்தது, எனக்குத் தெரியாமல் இன்னும் எத்தனை வீடுகளில் வந்ததோ. ஆள் இல்லாமல் பூங்காவை மூன்று வாரம் மூட வேண்டியிருந்தது. முதலாளி அந்த மூன்று வாரமும் என்னோடு பேசவில்லை. நாலாவது வாரம் போன் செய்து, பம்ப் ரூம் மோட்டார் என்ன ஆயிற்று என்று கேட்டார். அதுதான் அவர் என்னைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்ட விதம். நானும் மோட்டாரைப் பற்றியே பதில் சொன்னேன்.

தேவகிக்கு ஊசி போட்டும் பத்துப் பன்னிரண்டு கொப்பளம் வந்தது. லேசான காய்ச்சல். ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். அவள் வேலைக்குத் திரும்பி வரவில்லை, நான் கூப்பிடவும் இல்லை, கூப்பிட எனக்கு என்ன முகம் இருக்கிறது? ஒவ்வொரு ஸ்கேனுக்குப் பிறகும் அவள் புருஷன் எனக்கு ஒரு வரி அனுப்புவார். "நல்லா இருக்குது சார்." அவ்வளவுதான் இருக்கும். அந்த ஆறு மாதமும் நான் அந்த ஒரு வரிக்காகக் காத்திருந்தேன். வருவதற்கு ஒருநாள் தாமதமானாலும் சாப்பாடு இறங்காது.

அதற்கப்புறம்தான் கேட்டில் இப்போது நீங்கள் செய்கிற விதியைக் கொண்டுவந்தேன், பலகையிலும் எழுதி மாட்டினேன். மொட்டை போட்ட பிள்ளை வந்தால், காதுக்குப் பின்னால் இரண்டு விரல் அகலத்துக்குச் சந்தனத்தை ஒதுக்கிக் காட்டச் சொல்ல வேண்டும், முதுகையும் பார்க்க வேண்டும். துடைப்பது அவர்கள் கையாலேயே நடக்க வேண்டும், நாம் தொடக்கூடாது. பார்த்த பிறகு பூசிக்கொள்ள கேட்டிலேயே ஒரு கிண்ணத்தில் சந்தனம் குழைத்து வைத்திருக்க வேண்டும். இதற்கு எவ்வளவு சண்டை வந்தது தெரியுமா? ஒருவர் என் பெயர்ப் பட்டையைத் தட்டி, "இதுக்குத்தான் சொல்றியா?" என்று நேராகவே கேட்டார். அந்தச் சனிக்கிழமை எந்தக் கேள்விக்குப் பயந்தேனோ அதே கேள்வி. "ஆமா சார், என் பேரு டேனியல். உங்க கொயந்த தலையைக் காட்டுங்க" என்றேன். காட்டினார். பயந்தது அவ்வளவுதானா என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

நான் ஓய்வு பெறுவதற்கு ஒரு மாதம் முன்பு, ஒரு காலை நேரம். கேட்டில் புதிதாகச் சேர்ந்த பெண் நின்றிருந்தாள், உங்களைப் போலத்தான், கேட்கக் கூச்சம். ஒரு வேனிலிருந்து குடும்பம் ஒன்று இறங்கியது, மலையிலிருந்து வருகிறார்கள். இடுப்பில் குழந்தை, முதல் மொட்டை, பதினோரு மாதம் இருக்கும், தலை முழுக்க மஞ்சளாகச் சந்தனம். புதுப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள், எப்படிக் கேட்பது என்று. நான் இடத்தைவிட்டு நகரவில்லை.

அவள் வாயைத் திறப்பதற்குள், குழந்தையை வைத்திருந்த தாய் தானே முன்னால் வந்தாள். புடவைத் தலைப்பால் குழந்தையின் காதுக்குப் பின்னால் இருந்த சந்தனத்தை ஒதுக்கினாள். அது போதாது என்பது போல, தலை முழுவதையும் துடைத்துவிட்டாள். பிறகு சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினாள்.

"நல்லாப் பாத்துக்கோம்மா" என்றாள் தேவகி.